பின்னேர இரத்தமும் 268 என்ற எண்ணும்

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 47. மேசை வேலை. எடை 92 கிலோ. நான்கு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குளிசை. ஏழெட்டு மாதமாக உடம்பு அலுப்பு. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்துவிட்டது. ஆர்வம் வரும் நாட்களிலும் உடம்பு ஒத்துழைப்பதில்லை. ஜிம் நடத்தும் நண்பர் சொன்னதைக் கேட்டு, வேலை முடிந்து வரும் வழியில் பின்னேரம் நான்கு மணிக்கு இரத்தம் கொடுத்தீர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் 268 என்று அறிக்கை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, தானே போட்டுவிடுவதாக நண்பர் சொல்கிறார். தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், கலியாணம் பிந்தியதால் ஒரே மகள், இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு வருடமாக முயல்கிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரி முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். இந்த ஊசியை இப்போது தொடங்கினால், இரண்டாவது பிள்ளைக்கான வழியை நீங்களே அடைத்துவிடுவீர்கள். ஆகவே என் பதில்: இப்போது வேண்டாம். நண்பரின் கையால் ஒருபோதும் வேண்டாம்.

ஆண் ஹோர்மோனை ஏற்றினால் விந்து கூடத்தானே வேண்டும் என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் வட்டை விதானையை நினைத்துப் பாருங்கள். வயலில் தண்ணீர் போதுமா என்று பார்த்து மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. மூளையின் அடியில் பட்டாணிக் கடலை அளவில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியும் அதைத்தான் செய்கிறது. அது அனுப்பும் எல்.எச். என்ற ஹோர்மோன் ஆணின் விதைகளை (விரைகளை) டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்கிறது, எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்தியைக் கவனிக்கிறது. வெளியிலிருந்து ஊசி வழியாக ஹோர்மோன் வந்து இரத்தத்தில் நிறைந்ததும், அது எங்கிருந்து வந்தது என்று விதானை கேட்பதில்லை. வயல் நிறைந்துவிட்டது என்று மடையை மூடிவிடுகிறார். விந்தணு வளர, விதைக்குள்ளே இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். மடை மூடியதும் அது வற்றிவிடுகிறது. நாற்றுமேடை காய்கிறது. விதைகளும் சுருங்குகின்றன.

இது அனுமானம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே பல நாடுகளில் சோதித்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் போட்டதில் பெரும்பாலானோரின் விந்தணு எண்ணிக்கை சில மாதங்களில் பூச்சியமானது. அந்த விளைவு ஆசிய ஆண்களில் இன்னும் கூடுதலாகவே தெரிந்தது. உங்கள் நண்பர் சொல்லும் அளவு அதைவிடக் குறைவுதான். ஆனாலும் மடையை மூடப் போதும். நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்பி வரும், சில மாதங்களில். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் எடுக்கும். உங்கள் வயதுக்கும் வீட்டில் அவருடைய வயதுக்கும் அந்தக் காலத்தைச் செலவழிக்க முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளை வேண்டும் என்றால் முதல் வேலை விந்துப் பரிசோதனை. அது மலிவானது, வலியில்லாதது, ஆனால் இந்தக் கரையில் ஆண்கள் கடைசியாகச் செய்வது அதுதான். மனைவியை மூன்று வைத்தியரிடம் காட்டிய பிறகுதான் தாங்கள் வருவார்கள். உண்மையிலேயே ஹோர்மோன் குறைவும் பிள்ளை ஆசையும் சேர்ந்திருந்தால், விதையையே வேலை செய்யத் தூண்டும் வேறு மருந்துகள் இருக்கின்றன: எச்.சி.ஜி. ஊசி, எஃப்.எஸ்.எச். ஊசி, சிலருக்குக் குளோமிபீன் குளிசை. அவற்றை அகஞ்சுரக்கும் சுரப்பிகள் பற்றிய நிபுணர் அல்லது கருவள நிபுணர் தீர்மானிக்கட்டும்.

இனி அந்த 268க்கு வருவோம்.

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பின்னேரம் இறங்கும். சோறு சாப்பிட்டால், அதுவும் சீனி ஏறும் சாப்பாடு என்றால், இன்னும் இறங்கும். காலை ஏழுக்கும் பத்துக்கும் இடையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாட்களில் எடுத்த இரத்தத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்தது நான்கு மணி இரத்தம், மத்தியானச் சோற்றுக்குப் பின். அந்த அறிக்கையை வைத்து நான் ஒரு குளிசையும் எழுதமாட்டேன். டெங்குக் காய்ச்சலோ வேறு கடும் காய்ச்சலோ வந்திருந்தால் பல வாரம் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். நோயில் உடம்பு இந்த ஹோர்மோனைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்.

அலகையும் பாருங்கள். உங்களுடையது ஒரு டெசிலீற்றருக்கு நனோகிராம் கணக்கு. இன்னொரு இடத்தில் அதே இரத்தத்தை 2.68 என்று, மில்லிலீற்றர் கணக்கில் தருவார்கள், வேறோரிடத்தில் 9.3 நனோமோல் என்று வரும். மூன்றும் ஒன்றே. 2.68 என்று கண்டு கதிகலங்கி வந்தவரை எனக்குத் தெரியும்.

எது குறைவு என்பதிலும் வைத்தியர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்க அகஞ்சுரப்பியல் சங்கத்தின் 2018 வழிகாட்டி, உடல் பருமனில்லாத ஆரோக்கியமான இளைஞருக்கான கீழ் எல்லை 264 என்கிறது. அதே வருடம் அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 300 என்றது. உங்கள் 268 ஒருவர் கணக்கில் சரி, மற்றவர் கணக்கில் குறைவு! எண்ணோடு அறிகுறியும் சேர்ந்தால்தான் நோய் என்று இருவருமே சொல்கிறார்கள். 40 முதல் 79 வயது வரையான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய ஆண்களைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வில், எண்ணும் அறிகுறியும் சேர்ந்து உண்மையான குறைபாடு என்று சொல்லத்தக்கவர்கள் 2.1 வீதம்தான். அலுப்பு என்று வருபவர்கள் அதைவிடப் பல மடங்கு.

உங்களைப் போல தொந்தியும் சீனி வருத்தமும் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். இந்த ஹோர்மோன் இரத்தத்தில் பெரும்பாலும் புரதங்களின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்கிறது. முக்கியமான சுமைதூக்கியின் பெயர் எஸ்.எச்.பி.ஜி. கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் அந்தச் சுமைதூக்கியைக் குறைத்துவிடும். மொத்த எண் குறைந்து தெரியும். இழையங்களுக்குக் கிடைக்கும் சுதந்திரமான பகுதி சரியாகவே இருக்கலாம். ஆகவே எஸ்.எச்.பி.ஜி.யையும் அளந்து, சுதந்திரமான பகுதியைக் கணக்கிட வேண்டும்.

காலை இரத்தத்திலும் இரண்டு முறை குறைவு என்றே வந்தால், அடுத்த கேள்வி "ஏன்?" ஊசிக்காரர்கள் கேட்காத கேள்வி இது. எல்.எச். அளவு கூடியிருந்தால் விதை பழுது; விதானை கத்துகிறார், வாய்க்கால் தரவில்லை. எல்.எச். குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்தால் கோளாறு மேலே, மூளைப் பக்கம்.

படுவான்கரையிலிருந்து ஒரு விவசாயி வந்தார், நாற்பதைத் தாண்டியவர். ஆசை இல்லை, தலையிடி. ஏற்கெனவே எங்கோ ஐந்தாறு ஊசி போட்டிருந்தார். வாசலால் உள்ளே வரும்போது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். வெளியே போகும்போதும் இடித்தார். அதைக் கண்ட பிறகுதான் இரு பக்கப் பார்வையையும் சோதித்தேன்; இரண்டு ஓரமும் இருட்டு. பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹோர்மோனான புரொலாக்டின் அளவு எங்கேயோ உயர்ந்து நின்றது. பிட்யூட்டரியில் கட்டி. வாரம் இரண்டு முறை கபர்கோலின் குளிசையில் கட்டி சுருங்கியது, பார்வை வந்தது, டெஸ்டோஸ்டிரோனும் தானாகவே ஏறியது. ஊசியையே நம்பியிருந்தால் ஆசை கொஞ்சம் கூடியிருக்கும், கண் போயிருக்கும்.

இன்னொருவர் ஆசிரியர். பதினைந்து வயதில் கூவைக்கட்டு வந்து விதை வீங்கியிருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாற்பத்திரண்டில் மீசை மெலிந்து, எலும்பு தேய்ந்து, இடுப்பு முறிந்து வந்தார். எல்.எச். வானத்தில். அவருக்கு ஊசி தேவை, ஆயுள் முழுதும் தேவை. இரண்டு வருடத்தில் ஆளே மாறிவிட்டார். இந்தச் சிகிச்சையை நான் எதிர்ப்பவன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவரைச் சொல்கிறேன்.

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் கேட்கத் தவறக் கூடாத கேள்விகளும் உண்டு. போர்க்காலத்தில் தலையிலோ அடிவயிற்றிலோ காயம் பட்டதா? மோட்டார் சைக்கிளில் விழுந்து மயங்கிக் கிடந்ததுண்டா? தலைக்காயம் பல வருடங்கள் கழித்தும் பிட்யூட்டரியின் வேலையைக் கெடுத்து வைத்திருக்கும். பழைய காய வலிக்கு ட்ரமடோல் போன்ற குளிசைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் இந்த ஹோர்மோன் விழும். ஜிம் பையன்கள் முன்பு போட்ட ஊசிகளை மறைப்பார்கள். தயவு செய்து மறைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம், "உடம்பு ஒத்துழைப்பதில்லை" என்பது. ஆசை குறைவதற்கு டெஸ்டோஸ்டிரோன் காரணமாகலாம். சீனி வருத்தக்காரருக்கு விறைப்புக் குறைவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் இரத்தக்குழாயும் நரம்பும். ஆணுறுப்பின் நாடி இதயத்தின் நாடியைவிட ஒடுக்கமானது. அடைப்பு அங்கே முதலில் தெரியும். இரண்டு முதல் ஐந்து வருடம் கழித்து நெஞ்சில் தெரியும். ஆகவே பிரஷர், கொலஸ்ரோல், மூன்று மாதச் சராசரிச் சீனி, ஈ.சி.ஜி. இவற்றை எடுக்காமல் ஹோர்மோனைப் பற்றிக் கதைப்பது, ஓட்டு வீட்டில் ஒழுக்கு இருக்கச் சுவருக்கு நிறம் பூசுவது போன்றது. சந்தையில் விற்கும் "வீரிய" லேகியங்களையும் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் விறைப்புக்கான மருந்தான சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற் குளிசை பாவிப்பவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் பிரஷர் விழுந்து உயிர் போகலாம்.

மத்தியானத் தூக்கத்துக்கும் வருகிறேன். குறட்டை விடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, வீட்டில் கேளுங்கள். 92 கிலோ, பகல் தூக்கம், குறட்டை மூன்றும் சேர்ந்தால், நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயைச் சந்தேகிப்பேன். அதுவே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். கவனிக்காமல் விட்டு ஊசி போட்டால் மூச்சுத் தடை மோசமாகும். நல்ல ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே தூங்க விட்டபோது, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் குறைந்தது. 2011இல் வந்த சிறிய ஆய்வு, ஆனால் தெளிவானது. மெற்போமின் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்து அலுப்பு வரும். தைரொயிட், ஹீமோகுளோபின், மனச்சோர்வு, எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மிச்சம்.

எடை குறைந்தால் ஹோர்மோன் தானாக ஏறும். குறைந்த கலோரி உணவு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 3 நனோமோலுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. உங்கள் கணக்கில் அது 80 புள்ளிக்கு மேல். 92 கிலோவில் 9 கிலோ. இரவில் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஒரு கோடு போட்டு, கல்லடிப் பாலம் வரை நடக்க வேண்டாம், உங்கள் கடற்கரை மணலில் முக்கால் மணி நேரம் நடந்தாலே தொடக்கம். விந்தும் கெடாது.

ஊசி போட்ட நண்பர்கள் முதல் வாரத்திலேயே சிங்கம் ஆகிவிட்டதாகச் சொல்வார்கள். 1889இல் பாரிஸில் 72 வயது விஞ்ஞானி பிரவுன் செக்கார், விலங்கு விதைச் சாற்றைத் தனக்கே குத்திக்கொண்டு இளமை திரும்பியது என்று அறிவித்தார். 2002இல் ஆஸ்திரேலிய வைத்தியர்கள் நாயின் விதையிலிருந்து அதே முறையில் சாறு எடுத்துப் பார்த்தார்கள்; மருந்தாக வேலை செய்யும் அளவில் டெஸ்டோஸ்டிரோன் அதில் இல்லை. வேலை செய்தது நம்பிக்கை. உண்மைச் சிகிச்சையில் ஆசை மூன்று முதல் ஆறு வாரத்தில் கூடத் தொடங்கும், தசையும் கொழுப்பும் மாற மூன்று நான்கு மாதம், எலும்புக்கு வருடங்கள்.

எதிர்பார்ப்பையும் அளந்து வையுங்கள். 65 வயதைத் தாண்டிய 790 பேருக்கு ஒரு வருடம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2016இல் வந்தது. தாம்பத்திய ஆசை மிதமாகக் கூடியது, மனநிலை சற்று மேம்பட்டது. நீங்கள் முதலில் முறையிட்ட அலுப்பு? அதில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. 2023இல் ட்ராவர்ஸ் என்ற பெரிய ஆய்வு, இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று காட்டியது. ஹோர்மோன் பெற்ற பக்கமும் போலி மருந்து பெற்ற பக்கமும் ஏறத்தாழ 7 வீதம். ஆனால் இதயத் துடிப்புத் தாளம் தவறுதல், நுரையீரலில் இரத்தக்கட்டி, சிறுநீரகத் திடீர்ப் பாதிப்பு ஆகியவை ஹோர்மோன் ஜெல் பூசிய பக்கம் சற்றுக் கூடின. அந்த ஆய்விலும் ஜெல்தான். எலும்பு முறிவும் குறையவில்லை, கூடியது. சீனி வருத்தத்தைத் தடுக்கும் என்று ஆஸ்திரேலிய ஆய்வைக் காட்டுவார்கள், 2021இல் வந்தது. அவர்கள் வருத்தம் தொடங்கும் நிலையிலிருந்தோ புதிதாகக் கண்டறியப்பட்டோ இருந்தவர்கள். நீங்கள் நான்கு வருடம் தாண்டிவிட்டீர்கள்.

பிள்ளை விடயம் முடிந்து, காரணமும் தெரிந்து, நிபுணர் தொடங்கச் சொன்னால் அப்போது இவற்றைக் கேட்டு வையுங்கள். சஸ்டனொன் 250 என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று என்ற அளவில் போடுவது. ஓரிரு நாளில் உச்சம், பிறகு சரிவு. அது கச்சான் எண்ணெயில் கரைத்தது. கச்சான் ஒவ்வாதவர் தொடக் கூடாது. நெபிடோ என்ற இன்னொரு ஊசி ஆமணக்கெண்ணெயில், 1000 மில்லிகிராம், இரண்டாவது ஊசி ஆறு வாரத்தில், பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒரு முறை, நான்கு மில்லிலீற்றரை மெதுவாக, பயிற்சி பெற்றவர் ஏற்ற வேண்டும். ஜெல் தினமும் தோளில் பூசுவது; காய முன் ஒன்பது வயது மகள் வந்து கட்டிப்பிடித்தால் அவள் உடம்பில் ஏறி, பருவ மாற்றங்கள் முந்தி வரலாம். உங்கள் வீட்டுக்கு ஜெல் வேண்டாம் என்பேன்.

தொடங்கும் முன்பும், மூன்று முதல் ஆறு மாதத்திலும், பிறகு வருடந்தோறும் இரத்தத்தின் செங்கல அடர்த்தி (ஹீமாடோகிரிட்), புரொஸ்டேற்றைக் கவனிக்கும் பி.எஸ்.ஏ. இரண்டையும் பார்க்க வேண்டும். ஹீமாடோகிரிட் 54 வீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். இரத்தம் பாகுபோலத் தடித்துக் கட்டி பட ஏதுவாகும். ஜிம்மில் ஒரு வருடம் ஊசி போட்ட ஒருவருக்கு 58 கண்டேன். முகம் செம்பருத்தி போல இருந்தது. அதை ஆரோக்கியம் என்று நினைத்திருந்தார். புரொஸ்டேற் புற்றுநோய், மார்புப் புற்றுநோய், கட்டுப்படாத இதயச் செயலிழப்பு, ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இவர்களுக்கு இது கிடையாது. 2022 பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே பாமசி பாமசியாக அலைந்தோம். மருந்து திடீரென்று நின்றால், மூடிக் கிடக்கும் மடை திறக்க மாதங்கள் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வரும் வாரத்தில் இரண்டு நாள், சாப்பிடாமல், காலை எட்டு மணிக்கு முன் போய் இரத்தம் கொடுங்கள். டெஸ்டோஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி., எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரொலாக்டின், தைரொயிட், பி12, முழு இரத்தக் கணக்கு. தனியே விந்துப் பரிசோதனை. அறிக்கைகளோடு உங்கள் சீனி கிளினிக் வைத்தியரிடம் போய், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும்படி கடிதம் கேளுங்கள். கூச்சப்படுவீர்கள் என்று தெரியும். கிளினிக்கில் வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படி நிறையத் தாள் வாங்கியிருக்கிறேன்.

மனைவி இரண்டு கேள்வி கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மருந்து மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பதா என்பது முதலாவது. இன்று இது தாவரங்களில் உள்ள கொழுப்புப் பொருட்களை ஆய்வுகூடத்தில் மாற்றிச் செய்வது. கோபக்காரராகிவிடுவீர்களா என்பது இரண்டாவது. குறைபாட்டை நிரப்பும் அளவில் போட்டால் பொதுவாக இல்லை. ஜிம் அளவில் போட்டால் அந்தப் பயம் நியாயமானது. நித்திரை இல்லாமல், சீனி ஏறி, பிள்ளைக் கவலையையும் சுமந்துகொண்டு ஏற்கெனவே எவ்வளவு எரிந்து விழுகிறீர்கள் என்று, இந்தப் பதிலை வாசித்துக் காட்டும்போது அவரிடமே கேட்டுப் பாருங்கள்.